ஏ.ஐ. தீட்டிய படம் யாருக்குச் சொந்தம்?

ஒரு படைப்பைப் பிரதி எடுக்கவும், வெளியிடவும், மாற்றியமைக்கவும் சட்டம் ஒருவருக்குத் தரும் தனி உரிமையே பதிப்புரிமை. இந்தியாவில் இதற்கு அடிப்படை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ஒருவர் எழுதிய நூலுக்கு அவருடைய வாழ்நாள் முழுவதும், இறந்த பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. படைத்தவர் ஒரு மனிதர் என்பதை வைத்தே இந்தக் கணக்கு போடப்பட்டது. இன்று செயற்கை நுண்ணறிவு (ஏ.ஐ.) மென்பொருளிடம் நாலு வரியில் கேட்டால் ஓவியமும் பாட்டும் கட்டுரையும் நொடிகளில் வந்து விழுகின்றன. அவற்றின் உரிமை கேட்டவருக்கா, மென்பொருள் நிறுவனத்துக்கா, அல்லது யாருக்குமே இல்லையா என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது.

இந்தியச் சட்டம்

கணினி வழியே உருவாகும் இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்புகளுக்கு, அவை உருவாகக் காரணமாக இருந்த நபரே ஆசிரியர் என்கிறது 1994ஆம் ஆண்டுத் திருத்தம். கணினி வெறும் கருவியாக மட்டும் இருந்த காலத்தில் எழுதப்பட்ட விதி இது. பிராம்ப்ட் (மென்பொருளுக்குத் தரும் கட்டளை) எழுதியவர் 'காரணமானவர்' ஆவாரா, மென்பொருளைக் கட்டமைத்தவர் ஆவாரா என்று அது பிரித்துச் சொல்லவில்லை.

ஆசிரியர் யார் என்று தெரிந்தால் மட்டும் போதாது. படைப்பு அசலானதாகவும் இருக்க வேண்டும். ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வெறும் உழைப்பு பதிப்புரிமையைப் பெற்றுத் தராது; திறனும் முடிவெடுக்கும் ஆற்றலும் சிறிதளவாவது படைப்பூக்கமும் தேவை என்றது. ஏ.ஐ. படைப்புக்கு உரிமை கோருபவர் கடக்க வேண்டிய பெரிய தடை இதுதான்.

ஆசிரியர் யார் என்ற குழப்பம் 'சூர்யாஸ்த்' என்ற படத்தில் வெளிப்பட்டது. வழக்கறிஞர் அங்கித் சாஹ்னி தாம் எடுத்த புகைப்படத்தையும் வின்சென்ட் வான்காவின் 'நட்சத்திர இரவு' ஓவியத்தையும் 'ராகவ்' என்ற ஏ.ஐ. மென்பொருளுக்குக் கொடுத்து இந்தப் படத்தை உருவாக்கினார். 2020இல் இந்தியப் பதிப்புரிமை அலுவலகம் மனிதரையும் மென்பொருளையும் இணை ஆசிரியர்களாகப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டே அந்தப் பதிவைத் திரும்பப் பெறுவதாக நோட்டீஸ் அனுப்பியது. அதே படத்தைப் பதிவு செய்ய அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் மறுத்துவிட்டது.

அமெரிக்கா வகுத்த எல்லை

கணினி விஞ்ஞானி ஸ்டீபன் தேலர், தமது இயந்திரத்தையே ஒரே ஆசிரியராகக் குறிப்பிட்டு ஒரு படத்துக்குப் பதிப்புரிமை கோரி 2018இல் விண்ணப்பித்தார். ஆசிரியர் மனிதராகவே இருக்க வேண்டும் என்று மாவட்ட நீதிமன்றம் 2023இலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சிலும் தீர்ப்பளித்தன.

மனிதரும் இயந்திரமும் சேர்ந்து செய்ததை என்ன செய்வது? 'ஜார்யா ஆஃப் தி டான்' என்ற சித்திரக்கதையில் கதைக்கும் பக்க அமைப்புக்கும் 2023இல் பாதுகாப்பு கிடைத்தது. மிட்ஜர்னி என்ற ஏ.ஐ. மென்பொருள் வரைந்த படங்களுக்குக் கிடைக்கவில்லை. கொலராடோ மாநிலக் கண்காட்சியில் 2022இல் பரிசு பெற்ற படத்துக்காகக் குறைந்தது 624 பிராம்ப்ட்கள் எழுதியதாக ஜேசன் ஆலன் வாதிட்டார். அதுவும் ஏற்கப்படவில்லை. பிராம்ப்ட் மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது; மனிதர் தேர்ந்தெடுத்து, அடுக்கி, திருத்திய பகுதிக்கே பாதுகாப்பு என்று 2025 ஜனவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அறிக்கை வெளியிட்டது.

சீனா, பிரிட்டன்

பெய்ஜிங் இணைய நீதிமன்றம் 2023 நவம்பரில் வேறு முடிவுக்கு வந்தது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏ.ஐ. மென்பொருள் மூலம் ஒருவர் உருவாக்கிய பெண்ணின் படத்தை மற்றொருவர் அனுமதியின்றிப் பயன்படுத்திய வழக்கு அது. பிராம்ப்ட்களைத் தேர்ந்ததிலும் அளவுகளை மாற்றி மாற்றி அமைத்ததிலும் படைத்தவரின் சிந்தனை தெரிகிறது என்று கூறி, உரிமை அவருக்கே என்றது நீதிமன்றம். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமோ மனித ஆசிரியர் இல்லாத கணினிப் படைப்புக்கும் 50 ஆண்டுப் பாதுகாப்பு தருகிறது. அதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரே அங்கு ஆசிரியர்.

பழைய படைப்பை மாற்றினால்

2025 ஆகஸ்டில் 'அம்பிகாபதி' படம் ஏ.ஐ. மூலம் மாற்றப்பட்ட முடிவுடன் மீண்டும் திரைக்கு வந்தது. இயக்குநர் ஆனந்த் எல். ராய், நடிகர் தனுஷ் இருவரும் வெளிப்படையாக எதிர்த்தனர். இந்தியச் சட்டத்தில் திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளரே. அதனால் பொருளாதார உரிமை அவரிடம் இருக்கும்வரை, இயக்குநர் தடுப்பது கடினம். படைப்பைச் சிதைப்பதற்கு எதிராக 57ஆம் பிரிவு தரும் தார்மீக உரிமையும் 'ஆசிரியர்' என்ற சொல்லையே சார்ந்திருக்கிறது. படைத்த கலைஞருக்கு இது நியாயமான நிலை அல்ல.

படைப்பாளிகள் கவனிக்க வேண்டியவை

உருவாகும் படைப்பின் உரிமை பயனருக்கே என்று பல ஏ.ஐ. நிறுவனங்களின் விதிமுறைகள் சொல்கின்றன. ஆனால், சட்டப்படி உரிமையே பிறக்காத ஒன்றை ஒப்பந்தத்தால் கைமாற்ற முடியாது. ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்வது, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்கே சேரும்; ஏ.ஐ. பயன்படுத்தினாலும் இந்த விதி மாறாது.

ஆகவே எழுத்தாளரும் ஓவியரும் தங்கள் வரைவுகளையும் பிராம்ப்ட்களையும் திருத்தங்களையும் தேதியுடன் சேமித்து வைப்பது அவசியம். வழக்கு வந்தால், எதை மனிதர் தீர்மானித்தார் என்பதற்கு அவையே சாட்சி. ஏ.ஐ. எந்த அளவுக்குப் பயன்பட்டது, உரிமை யாருக்கு என்பதைப் பதிப்பகத்துடனும் தயாரிப்பாளருடனும் எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

'காரணமானவர்' யார் என்பதை நாடாளுமன்றம் தெளிவாக வரையறுக்க வேண்டிய நேரம் இது. படைப்பின் வடிவத்தைத் தீர்மானித்த மனிதருக்கே உரிமை, அவர் தீர்மானித்த அளவுக்கே உரிமை என்று சட்டம் சொன்னால், உழைக்கும் கலைஞருக்கும் பாதுகாப்பு கிடைக்கும்; இயந்திரம் தானாகத் தந்தது பொதுச் சொத்தாக எல்லோருக்கும் பயன்படும்.