பனிக்கு அடியில் ஒரு பூ

காஷ்மீரில் டிசம்பர் 21 அன்று கடுங்குளிர் தொடங்கும். அது 40 நாள் நீடிக்கும். அதற்குச் 'சில்லை கலான்' என்று பெயர். அப்போது குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். மக்கள் நெருப்புச் சட்டியை அங்கிக்குள் வைத்துக் குளிர் காய்வார்கள்.

அதே குளிரில் மண்ணுக்குள் பல லட்சம் டூலிப் குமிழ்கள் கிடக்கின்றன. அவை எப்படிப் பிழைக்கின்றன?

ஸ்ரீநகரில் தால் ஏரிக்கு அருகில் ஒரு பெரிய டூலிப் தோட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு அதை அமைத்தார்கள். மார்ச் கடைசியில் அங்கே பூ பூக்கும். சுமார் ஒரு மாதம்தான் பூ இருக்கும். அதைப் பார்க்க வெளியூர் மக்கள் திரண்டு வருவார்கள். படகுக்காரர், வண்டிக்காரர், கடைக்காரர் எல்லோருக்கும் வருமானம் கிடைக்கும். குமிழ் அழுகினால் பூ இல்லை. பூ இல்லாவிட்டால் அந்த வருமானமும் குறையும்.

குமிழ் என்றால் என்ன?

ஒரு வெங்காயத்தை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். அடுக்கடுக்காகச் சதை இருக்கும். அதுதான் செடி சேர்த்து வைத்த உணவு. நடுவில் சிறு முளை இருக்கும். டூலிப் குமிழும் இப்படித்தான். அதன் நடுவில் இலையோடு ஒரு குட்டிப் பூமொட்டும் இருக்கும். கோடையிலேயே அந்த மொட்டு உருவாகிவிடும்.

குளிரைத் தாங்குவது எப்படி?

அக்டோபர், நவம்பர் மாதங்களில் குமிழை நடுவார்கள். பனி கொட்டும் முன்பே அது வேர் விடும். குளிர் வந்ததும் குமிழில் உள்ள மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். வெறும் தண்ணீர் சீக்கிரம் உறையும். சர்க்கரை கலந்த தண்ணீர் உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும். அதனால் குமிழ் எளிதில் உறைவதில்லை.

மேலே விழும் பனியும் உதவுகிறது. பனிக்குள் காற்று அடைபட்டிருக்கும். அது கம்பளி போல மண்ணை மூடிக் காக்கும்.

குளிர் தாங்கும் குமிழுக்குத் தேங்கும் தண்ணீர் ஆகாது. அழுகிப் போகும். அதனால் தண்ணீர் வடியும் சரிவான நிலம் நல்லது.

குளிர் தேவையா?

தேவை. சுமார் 3 மாதம் குளிர் பட்டால்தான் பூத்தண்டு நன்றாக நீளும். தில்லியில் அத்தனை நீண்ட குளிர் கிடையாது. அதனால் குமிழைக் குளிர் அறையில் வைத்திருந்து, பிறகு அங்கே நடுகிறார்கள். பிப்ரவரியில் அது பூக்கும்.

பூத்த பிறகு?

பூ வாடியதும் இலையை வெட்டக் கூடாது. இலை வெயிலில் உணவு தயாரித்து மண்ணுக்குள் அனுப்புகிறது. பழைய குமிழ் சுருங்கி மடியும். அதன் இடத்தில் புதுக் குமிழ்கள் பருக்கும். இலை பழுத்து மஞ்சளான பிறகே தோட்டக்காரர்கள் குமிழைத் தோண்டி எடுப்பார்கள். நிழலில் உலர்த்திப் பாதுகாப்பார்கள்.

அவசரப்பட்டு இலையை வெட்டினால் புதுக் குமிழ் சிறுத்துவிடும். அடுத்த ஆண்டு பூக்காது. இந்த ஆண்டு இலை சேர்க்கும் உணவுதான் அடுத்த ஆண்டின் பூ.