தனியாக வருபவர்களின் பாதை

தனியாகப் பயணம் செய்பவருக்கு இரண்டு தேவைகள் உண்டு. தன் போக்கில் போக வேண்டும், எங்கே நிற்பது எப்போது கிளம்புவது என்று யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பது ஒன்று. கால் சுளுக்கினாலோ காய்ச்சல் வந்தாலோ ‘என்ன ஆயிற்று’ என்று கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பது மற்றொன்று. குழுச் சுற்றுலாவில் ஆள் துணை கிடைக்கும், தன்னிச்சை போய்விடும். ஓட்டல் அறையில் தன்னிச்சை உண்டு; கதவைச் சாத்திய பிறகு துணைக்கு யாரும் இல்லை. இரண்டையும் சேர்த்துத் தரும் ஏற்பாடுகள் உலகில் குறைவு. அவற்றில் பழமையானதும், இன்று ஆண்டுதோறும் பல லட்சம் பேருக்குப் பயன்படுவதும் வட ஸ்பெயினின் குறுக்கே செல்லும் சாந்தியாகோ யாத்திரைப் பாதை. ஸ்பானிய மொழியில் ‘காமினோ தெ சாந்தியாகோ’ எனப்படும் இதை நடப்பவர்கள் ‘காமினோ’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

பாதையும் அதன் பழைய சத்திரங்களும்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா பகுதியில் உள்ளது சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலா நகரம். இயேசுவின் சீடரான புனித யாக்கோபின் கல்லறை அந்நகரப் பேராலயத்தில் இருப்பதாகக் கத்தோலிக்கர்கள் 9ஆம் நூற்றாண்டு முதல் நம்பிவருகிறார்கள். தமிழகக் கடலோர ஊர்களில் சந்தியாகப்பர் என்ற பெயரில் வணங்கப்படுபவர் இவரே. ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் இந்நகருக்கு யாத்திரை வழிகள் வருகின்றன. அவற்றில் அதிகம் பேர் நடப்பது ‘பிரெஞ்சு வழி’. பிரான்ஸ் எல்லையில் உள்ள சான் ழான் பியே தெ போர் என்ற சிற்றூரில் தொடங்கி, பிரனீஸ் மலையைக் கடந்து, ஏறத்தாழ 780 கி.மீ. தூரம் மேற்கே செல்கிறது. நாளுக்கு 20 முதல் 25 கி.மீ. வரை நடந்தால் சுமார் ஐந்து வாரம் ஆகும்.

வழிப்போக்கரை வரவேற்கும் வழக்கம் இந்தப் பாதையோடு சேர்ந்தே வளர்ந்தது. 11ஆம் நூற்றாண்டில் தோமிங்கோ என்ற துறவி, யாத்திரிகர்கள் ஆற்றைக் கடக்கப் பாலமும், தங்க மடமும், நடக்கச் சாலையும் அமைத்தார். அவர் பெயரிலேயே சாந்தோ தோமிங்கோ தெ லா கல்சாதா என்ற ஊர் இன்றும் பாதையில் இருக்கிறது. பிரனீஸ் மலையின் அடிவாரத்தில் ரோன்செஸ்வாயெஸ் மடம் 12ஆம் நூற்றாண்டிலிருந்து மலை கடந்து வருபவர்களுக்கு இடம் கொடுத்தது. நம் ஊர்ச் சத்திரங்களைப் போலவே இவற்றிலும் அரசரும் செல்வரும் துறவியரும் கொடுத்த கொடையால் வழிப்போக்கருக்கு உணவும் படுக்கையும் கிடைத்தன.

பிற்காலத்தில் யாத்திரை தேய்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் முழுத் தூரமும் நடப்பவர்கள் மிகச் சிலரே. பல இடங்களில் பாதை வயலுக்குள்ளும் தார்ச்சாலைக்கு அடியிலும் மறைந்துபோனது.

மஞ்சள் அம்பு

பாதைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவர் எலியாஸ் வலீனியா. கலீசியாவின் மலை உச்சியில் உள்ள ஓ செப்ரெய்ரோ என்ற சிற்றூரின் பங்குத்தந்தையான அவர், பாதையின் வரலாற்றை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். எழுதுவதோடு நிற்காமல், 1984இல் தன் காரில் பெயின்ட் டப்பாக்களை ஏற்றிக்கொண்டு பாதை நெடுகச் சென்று மரங்களிலும் பாறைகளிலும் சுவர்களிலும் மஞ்சள் அம்புக்குறிகளை வரைந்தார். சாலைப் பணியில் மிஞ்சிய பெயின்ட்டைப் பயன்படுத்தியதால்தான் மஞ்சள் நிறம் வந்தது என்று சொல்வார்கள். ஊர்தோறும் ‘பாதையின் நண்பர்கள்’ என்ற சங்கங்கள் உருவாகவும் அவர் ஊக்கமாக உழைத்தார். அவர் 1989இல் மறைந்தார். அம்புகளைப் புதுப்பிக்கும் வேலையை அந்தச் சங்கங்கள் ஏற்றுக்கொண்டன.

தனியாக வருபவருக்கு அம்புக்குறி செய்யும் உதவி பெரிது. வழி கேட்க மொழி தேவையில்லை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நாற்சந்தியில் தடுமாற வேண்டியதில்லை. தனக்கு முன்னால் யாரோ வந்து தனக்காக யோசித்திருக்கிறார் என்ற உறுதியும் கிடைக்கிறது. 1985இல் பயணத்தை முடித்ததாகப் பதிவு செய்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. 1993இல் அது ஏறக்குறைய ஒரு லட்சம் ஆனது. 2019இல் 3.47 லட்சம் பேர், 2023இல் 4.4 லட்சத்துக்கு மேல். இன்று நடப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். சமய நம்பிக்கையோடு வருபவர்கள் ஒரு பகுதிதான். துணையை இழந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், படிப்பை முடித்து அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்பவர் எனப் பலரும் தனியாகவே வந்து சேர்கிறார்கள்.

ஒரு கையேடு, ஒரு கட்டில்

நடப்பவர் ஒவ்வொருவரும் ‘கிரெதென்சியல்’ என்ற மடிப்பு அட்டையை வைத்திருக்கிறார். இது யாத்திரிகரின் அடையாளக் கையேடு. தங்கும் இடத்திலும் தேவாலயத்திலும் தேநீர்க் கடையிலும் இதில் முத்திரை குத்திக்கொள்ளலாம். நகரை அடைந்ததும் யாத்திரிகர் அலுவலகத்தில் காட்டினால், குறைந்தது 100 கி.மீ. நடந்தவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் கையேட்டின் முதன்மையான பயன் வழியில்தான். இது இல்லாதவருக்கு யாத்திரிகர் விடுதியில் இடமில்லை. அதனால் விடுதிக்குள் வரும் எல்லோரும் அதே பாதையில், அதே களைப்போடு வந்தவர்கள் என்பது உறுதியாகிறது. அறிமுகமில்லாத பத்துப் பேரோடு ஒரே அறையில் தூங்கப் போகும் ஒருவருக்கு அந்த உறுதி முக்கியம்.

இந்த விடுதிகளின் பெயர் ‘அல்பெர்கே’. நகராட்சி, மாகாண அரசு, தேவாலயம், நண்பர்கள் சங்கம், தனியார் எனப் பலரும் நடத்துகிறார்கள். பொது விடுதிகளின் விதிகள் எளிமையானவை. உடல்நலம் கெட்டால் ஒழிய ஓரிரவுக்கு மேல் தங்க முடியாது. பெரும்பாலும் முன்பதிவு கிடையாது. வந்த வரிசையில் இடம். இரவு 10 மணி வாக்கில் கதவு அடைக்கப்படும். காலை 8 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். கண்டிப்பாகத் தோன்றினாலும் இவையே சமத்துவத்தைக் காக்கின்றன. பணக்காரரும் மாணவரும் ஒரே அடுக்குக் கட்டிலில் மேலும் கீழும் படுக்கிறார்கள். யாரும் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

சில விடுதிகளுக்குக் கட்டணமே இல்லை. கிரான்யோன் என்ற சிற்றூரில் தேவாலயக் கட்டடத்துக்குள்ளேயே இயங்கும் விடுதியில் ஒரு பெட்டி திறந்தே இருக்கும். முடிந்தவர் போடலாம், தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளலாம்.

வரவேற்பவர்கள்

விடுதியில் காத்திருந்து வரவேற்பவருக்கு ‘ஓஸ்பிதலேரோ’ என்று பெயர். சங்கங்களும் தேவாலயங்களும் நடத்தும் விடுதிகளில் இவர்கள் ஊதியமில்லாத தொண்டர்கள். 1990 கோடையில் ஓர்னியோஸ் தெல் காமினோ என்ற ஊரில் ஒரு பெண் வீடொன்றை வாடகைக்கு எடுத்து, வழியில் வருபவர்களைத் தங்கவைக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த தொண்டர் அமைப்பை இன்று ஸ்பெயின் நண்பர்கள் சங்கங்களின் கூட்டமைப்பு ஒருங்கிணைக்கிறது. தொண்டராக வர விரும்புபவர் தாமே பாதையில் நடந்திருக்க வேண்டும். ஒரு குறுகிய பயிற்சியை முடிக்க வேண்டும். பிறகு ஏதேனும் ஒரு விடுதியில் சுமார் இரண்டு வாரம் பணி. காலையில் கழிப்பறை கழுவுவது, தரை துடைப்பது, மதியம் வாசலில் நின்று வரவேற்பது, கொப்புளம் கண்ட பாதங்களைப் பார்ப்பது, மாலையில் சமைப்பது ஆகியவையே வேலை.

முன்பு நடந்தவரே வரவேற்பவராக இருப்பதில்தான் இந்த ஏற்பாட்டின் பலம் இருக்கிறது. நனைந்த காலணியை எங்கே வைப்பது என்பதிலிருந்து, மூன்றாம் நாள் அழுகை வருவது இயல்பு என்பது வரை அவருக்குத் தெரியும். உதவி பெற்றவர் உதவி செய்தவருக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அவர் வேறு நாட்டில் இருப்பார். எனவே அந்தக் கடனை அடுத்து வருபவரிடம் தீர்க்கிறார். ராபனால் என்ற மலையூரில் பிரிட்டனைச் சேர்ந்த சங்கம் 1991இல் திறந்த விடுதியும் இப்படிப்பட்ட தொண்டர்களால்தான் நடக்கிறது.

ஒரே மேசை

பல விடுதிகளில் இரவு உணவு பொதுவில் நடக்கிறது. ஒருவர் காய் நறுக்க, மற்றொருவர் தட்டு வைக்க, பிறகு எல்லோரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். தனியாக உண்பதே பயணத்தின் மிகக் கடினமான நேரம் என்று பலரும் சொல்வதுண்டு. அந்த நேரத்தை இந்த மேசை எடுத்துக்கொள்கிறது. கரியோன் தெ லோஸ் கோந்தெஸ் ஊரில் அகுஸ்தீனியக் கன்னியர் நடத்தும் விடுதியில், மாலையில் எல்லோரும் வட்டமாக அமர்ந்து பெயரையும் நாட்டையும் சொல்லி அறிமுகமாகிறார்கள்; கன்னியர் கிட்டார் இசைத்துப் பாடுகிறார்கள். தோசாந்தோஸ் என்ற ஊரில் முன்பு தங்கியவர்கள் எழுதிவைத்த வேண்டுதல்களை இரவில் வாசிக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் துயரத்துக்காக மற்றொருவர் வேண்டிக்கொள்கிறார்.

எல்லோரும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில் போவதால், காலையில் பிரிந்த முகங்கள் மாலையில் மீண்டும் தென்படுகின்றன. சில நாட்களில் ஏழெட்டுப் பேர் ஒருவரையொருவர் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இதைக் ‘காமினோ குடும்பம்’ என்கிறார்கள். ஒருவர் வந்து சேராவிட்டால் மற்றவர்கள் விசாரிப்பார்கள். அதே சமயம், ‘இன்று தனியாக நடக்க விரும்புகிறேன்’ என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சேரவும் பிரியவும் இருக்கும் இந்த உரிமையால்தான் தனிமையை நாடி வந்தவர்களும் கூட்டத்துக்குள் மூச்சு முட்டாமல் இருக்கிறார்கள்.

பாதுகாப்பும் நெருக்கடியும்

நல்லெண்ணம் மட்டும் பாதுகாப்பாகாது. 2015இல் அஸ்தோர்கா நகருக்கு அருகே தனியாக நடந்த அமெரிக்கப் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். வழியைத் திசைதிருப்பும் பொய் அம்புகள் பற்றி அப்பகுதியில் பேச்சு எழுந்தது. நம்பிக்கையின் அடையாளமே பொறியாக முடியும் என்பதைக் காட்டிய கொடுமை அது. அதன்பின் காவல் ரோந்து கூட்டப்பட்டது. அவசர உதவிக்கு 112 என்ற எண்ணும், காவல்துறைக்கு இருப்பிடத்தோடு தகவல் அனுப்பும் கைப்பேசிச் செயலியும் இருக்கின்றன. ஆயினும் ஆளரவமற்ற பகுதிகளில் பெண்கள் பாலியல் சீண்டலுக்கு ஆளாகும் செய்திகள் தொடர்ந்து வருகின்றன. அச்சுறுத்தும் ஆளைப் பற்றி முன்னே நடப்பவர் பின்னே வருபவர்களுக்குச் சொல்லும் வழக்கமும், புகாரை அலட்சியம் செய்யாத காவல் நிலையமும் சேர்ந்தால்தான் பாதை பெண்களுக்கும் உரியதாகும்.

கூட்டம் பெருகியதும் ஒரு சோதனை. சான்றிதழுக்குத் தேவையான கடைசி 100 கி.மீ. தொலைவை மட்டும் நடக்கப் பெருந்திரள் சாரியா என்ற ஊரிலிருந்து தொடங்குகிறது. கட்டிலுக்காக விடியுமுன் எழுந்து ஓடும் போட்டியும், தனியார் விடுதிகளில் முன்பதிவும் கூடியிருக்கின்றன. முன்பதிவு செய்தவர் எங்கே தங்குவார் என்பது காலையிலேயே முடிவாகிவிடுகிறது. வழியில் சந்தித்தவர்களோடு சேர்ந்து தங்கும் வாய்ப்பு குறைகிறது. வசதி ஏற ஏற, ஒருவர் மற்றவரைச் சார்ந்திருக்கும் தேவை சுருங்குகிறது. பாதையின் பழைய நண்பர்கள் மிகவும் கவலைப்படுவது இதற்காகத்தான்.

ஜேஜு தீவுக்குப் போன விதை

இந்த ஏற்பாடு வேறு மண்ணிலும் வேரூன்றும் என்பதற்குத் தென்கொரியாவின் ஜேஜு தீவு சாட்சி. பத்திரிகையாளரான சோ ம்யோங் சுக், பல ஆண்டுப் பணிச்சுமைக்குப் பிறகு 2006இல் சாந்தியாகோ பாதையில் நடந்தார். அங்கே கிடைத்ததைத் தன் சொந்தத் தீவில் உருவாக்க வேண்டும் என்று திரும்பி வந்து, 2007இல் ‘ஜேஜு ஒல்லே’ நடைபாதையின் முதல் தடத்தைத் திறந்தார். தீவைச் சுற்றிவரும் அந்தத் தடங்கள் இன்று 400 கி.மீ.க்கு மேல் நீளுகின்றன. மஞ்சள் அம்புக்குப் பதில் அங்கே கடலின் நீலமும் ஆரஞ்சுப் பழத்தின் நிறமும் கொண்ட ரிப்பன்கள் வழிகாட்டுகின்றன. முத்திரைக் கையேடும் உண்டு. தனியாக வாழும் மூதாட்டிகள் தங்கள் வீட்டு அறைகளை நடையர்களுக்கு வாடகைக்குத் தருகிறார்கள். வந்தவருக்கு வீட்டுச் சூழல், பாட்டிக்கு வருமானமும் பேச்சுத்துணையும்.

அங்கும் 2012இல் தனியாக நடந்த பெண் ஒருவர் கொல்லப்பட்டார். முதல் தடம் சில காலம் மூடப்பட்டது. பெண்கள் தனியாக வரக் கூடாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிதாக இருந்திருக்கும். மாறாக, தனியாக வருபவர்களோடு பயிற்சி பெற்ற தொண்டர்கள் சேர்ந்து நடக்கும் திட்டம் வளர்க்கப்பட்டது. 2012இலேயே ஜப்பானின் கியூஷு தீவிலும் இதே பெயரில் பாதை தொடங்கியது.

எவை இருந்தால் போதும்

இரு பாதைகளையும் ஒப்பிட்டால் அடிப்படைகள் தெளிவாகத் தெரிகின்றன. மொழி தெரியாதவரும் பின்பற்றக்கூடிய வழிக்குறி வேண்டும். வருபவர் யார் என்று எளிதாக அறிய ஓர் அடையாளம் வேண்டும். எளியவருக்கும் கட்டுப்படியாகும் படுக்கை வேண்டும். நாளில் ஒருமுறையாவது எல்லோரும் கூடும் இடம் வேண்டும். அனுபவப்பட்டவர் புதியவரை வரவேற்கும் முறை வேண்டும். ஆபத்தை உடனே தெரிவிக்கவும், தெரிவித்தால் நடவடிக்கை எடுக்கவும் வழி வேண்டும். சேர்வதற்கு இருக்கும் அளவுக்கு விலகவும் சுதந்திரம் வேண்டும். பாதை போகும் ஊரின் மக்களுக்கும் அதனால் பயன் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வழிப்போக்கர் அவர்களுக்குச் சுமையாகிவிடுவார்.

இவற்றில் எதற்கும் பெரிய முதலீடு தேவைப்படவில்லை. ஒரு பங்குத்தந்தையின் பெயின்ட் டப்பாவும், வாடகை வீடொன்றில் ஒரு பெண் செய்த உபசரிப்பும், ஒரு பத்திரிகையாளரின் பிடிவாதமும் தொடக்கத்துக்குப் போதுமானவையாக இருந்தன. தொடர்ந்து நடக்கத் தேவைப்பட்டது ஆண்டுதோறும் அம்பைப் புதுப்பிக்கவும், தரையைத் துடைக்கவும், வாசலில் நிற்கவும் முன்வரும் ஆட்கள். அந்த ஆட்கள் கிடைக்கும் இடத்திலெல்லாம் தனியாக வருபவர்களுக்கு ஒரு சமூகத்தை உருவாக்க முடியும்.