வாளி வாளியாய் ஓர் எதிரொலி

ஒலிபரப்பில் என் குரல் எனக்கே ஹெட்போனில் கொஞ்சம் பிந்திக் கேட்டால் போதும், பேச்சு தடுமாறிவிடும். அப்படிப்பட்ட நான் வீட்டில் தாமதத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கிறேன்.

பழைய அனலாக் டிலே பெடல்களைத்தான் சொல்கிறேன். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைத்து, காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டிகள். வாசித்ததைச் சற்றுப் பிந்தி எதிரொலியாகத் திருப்பித் தரும்.

உள்ளே இருக்கும் சிப்பின் வகைக்கு ‘பக்கெட் பிரிகேட்’ என்று பெயர். 1969ல் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை. தீயணைக்க வரிசையாக நின்று வாளித் தண்ணீரைக் கைமாற்றுவதுபோல, ஒலி மின்னூட்டமாகப் படிப்படியாகக் கைமாறுகிறது. பானசோனிக்கின் எம்என்3005 சிப்பில் 4,096 படிகள். வழியில் கொஞ்சம் சிந்தும். இரைச்சலை அடக்க வைத்த வடிகட்டிகளும் கூர்மையான ஓசையை மழுக்கும். அதனால் ஒவ்வோர் எதிரொலியும் முந்தியதைவிட மங்கலாக, இதமாகக் கேட்கும். குறைதான். அந்தக் குறைக்குத்தான் இன்று விலை.

பாஸ் நிறுவனத்தின் டிஎம்-2 பெடல் 1981ல் வந்தது. அதிகபட்சத் தாமதமே 0.3 விநாடிதான். 1983ல் அதே நிறுவனத்தின் டிஜிட்டல் பெடல் வந்தது. மறு ஆண்டே டிஎம்-2 நின்றுபோனது.

வாங்குமுன் பாருங்கள்

திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். சிப்பைச் சுற்றிப் புதிதாகப் பற்றவைத்த தடம் இருந்தால் காரணம் கேளுங்கள். போலி சிப்புகள் உலவுகின்றன. பிந்திய டிஎம்-2களில் எம்என்3205 இருக்கும், அதுவும் அசல்தான். ‘ஏசிஏ’ அடாப்டர் கேட்கும் பழைய பெட்டியில் இன்றைய 9 வோல்ட் அடாப்டரைச் செருகினால் சத்தம் சோர்ந்துபோகும். பெடல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். இன்டென்சிட்டி குமிழை முழுதாகத் திருப்பினால் எதிரொலி தானாகவே பெருகி ஊளையிட வேண்டும்.

40 வெள்ளிக்கு ஒரு சோதனை

சென்ற ஆண்டு இணையத்தில் ஒரு விளம்பரம்: ‘பழைய கிட்டார் பெட்டி, 40 வெள்ளி’. தோ பாயோவில் ஒரு வீவக வீடு. எண்பதுகளில் கல்யாண மேடைகளில் வாசித்த அங்கிள் ஒருவர், துணியில் சுற்றி வைத்திருந்த டிஎம்-2வை எடுத்துக் கொடுத்தார். பணத்தைக் கொடுத்துவிட்டு மின்தூக்கி வரை வந்துவிட்டேன். கதவும் திறந்தது. கால்தான் உள்ளே போகவில்லை.

திரும்பிப் போய்ச் சொன்னேன். “அங்கிள், இதுக்கு இன்னைக்குச் சில நூறு வெள்ளி கிடைக்கும்.”

அவர் முகம் மாறியது. “அப்படின்னா வச்சுட்டுப் போங்க தம்பி. மகனைக் கேட்டுச் சொல்றேன்.” 40 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். பேருந்தில் வரும்போது என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அழைத்தார். விற்கவில்லையாம். கிட்டாருக்குப் புதுக்கம்பி போட்டுவிட்டாராம். “பெட்டியில சத்தம் சரியா வரலையே, தம்பி?”

ஒரு 9 வோல்ட் பேட்டரியோடு போனேன். அவர் ஒரு கம்பியைச் சுண்டினார்; கூடத்தில் அது மூன்று நான்கு முறை திரும்பி வந்து மெல்லக் கரைந்தது. சமையலறையிலிருந்து ஆண்ட்டி எட்டிப் பார்த்தார்.

என் அலமாரியில் ஆறு பெடல்கள் இருந்தன. ஓராண்டாகத் தொடாத இரண்டை அந்த மாதமே விற்றுவிட்டேன், விலையை மறைக்காமல்.