ப்ளஸ் ஒன் பிள்ளை இருக்கும் வீடு

திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலைக் கரையில் விடியுமுன்பே வள்ளங்கள் கடலில் இறங்கிவிடும். அந்நேரம் வீட்டில் இரண்டு பேர் விழித்திருப்பார்கள். ஒருவர் தொழிலுக்குக் கிளம்பும் அப்பா. இன்னொருவர் இயற்பியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் ப்ளஸ் ஒன் பிள்ளை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அப்பா வெக்டரைப் பற்றிப் பிள்ளையிடம் என்ன கேட்பார்?

தாராளமாகக் கேட்கலாம். நீவாடு என்னும் கடல் நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்க, காற்று வேறு பக்கம் தள்ள, வள்ளத்தை எந்தப் பக்கம் திருப்பினால் வலை கிடக்கும் இடம் போய்ச் சேரும் என்று தினமும் கணக்குப் போடுகிறவர் அவர். அந்தப் பாடமும் அதுதான். “எனக்குப் புரியிற மாதிரி சொல்லு” என்று பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். வாய்விட்டு விளக்கும்போதுதான் எது புரியவில்லை என்று பிள்ளைக்கே தெரியும்.

பத்தாம் வகுப்பில் நானூறுக்கு மேல் வாங்கிய பிள்ளை ப்ளஸ் ஒன் காலாண்டில் பாஸ் மார்க்குக்குத் திணறுவது எங்கும் நடப்பது. அதுவரை அறிவியல் ஒரே பாடம். இப்போது இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று தனித்தனியாகத் தடித்த புத்தகங்கள். 2018-ல் வந்த புதிய புத்தகங்களைப் பின்பக்கக் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்து கடக்க முடியாது. படிக்கும் முறையையே மாற்றியாக வேண்டும், அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

அதற்குள் வீடு தீர்ப்பு எழுதிவிடுகிறது. கடற்கரையில் அந்தத் தீர்ப்பு கொடியது. பையன் வள்ளத்தில் ஏறினால் அன்றைக்கே கையில் பங்குக் காசு. பெண் பிள்ளையென்றால் கல்யாணப் பேச்சு. ஒரு காலாண்டுத் தாளை வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அரையாண்டு வரையாவது பொறுங்கள்.

குரூப் எடுப்பதிலும் பெருமை பார்க்க வேண்டாம். டாக்டருக்கு உயிரியல், இன்ஜினியருக்குக் கணிதம் என்று இரண்டும் உள்ள முதல் குரூப்பில் தள்ளிவிடுகிறோம். ஏலத்தில் மீன் எடுத்து, விற்று, வட்டி கட்டி, மிச்சத்தில் குடும்பம் நடத்தும் அம்மாவின் பிள்ளைக்குக் காமர்ஸ் எப்படிக் குறைவான படிப்பாகும்? கடலை விட மனமில்லாத பிள்ளைக்கு, தூத்துக்குடியிலேயே 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ராக்கெட்டில் ஆசையுள்ள பிள்ளைக்கு, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளம் பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில்தான் வருகிறது. பிள்ளைக்கு எதில் மனம் ஒட்டுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

2018 மார்ச்சில் தொடங்கிய ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது, நல்லது. ஆனால் பல பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தைத் தாண்டி நேரே ப்ளஸ் டூவுக்குப் போனதால்தான் அந்தத் தேர்வே வந்தது. நீட்டில் ப்ளஸ் ஒன் பாடமும் உண்டு. அதனால் வகுப்பில் எந்தப் புத்தகம் நடக்கிறது என்று ஜூலையிலேயே கேளுங்கள்.

இன்னொன்று, பணம். கல்லூரி சேர்ந்ததும் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காக வந்தது. கடற்கரையில் மிஷன் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளே அதிகம் என்பதால் நம் பிள்ளைகள் பலர் விடுபட்டார்கள். 2024 டிசம்பர் 30-ல் தூத்துக்குடியில் வைத்து அது உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்த மாணவிகளுக்கும் விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழி என்பதுதான் கணக்கு. ப்ளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்ற நினைப்பவர்கள் அதற்குமுன் பள்ளியில் இதை விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக, இடம். டிவி ஓடும் ஒற்றை அறை வீட்டில் எங்கே உட்கார்ந்து படிப்பது? ஆலந்தலை திரு இருதய ஆண்டவர் கோயில் போல ஊருக்கு ஒரு கோயில் வளாகம் இருக்கிறது. மாலையில் அங்கே ஒரு அறையைத் திறந்துவிட்டு, கல்லூரிக்குப் போகும் ஊர் அக்கா ஒருவரை உட்காரவைக்க ஊர்க் கமிட்டியால் முடியும். இந்த ஜூனிலேயே கேட்டுப் பாருங்கள்.