3 ரிமோட்... 1 பட்டன்! பெரியவங்களுக்கு டிவி போட 'மேக்ரோ' செட் பண்ணுவது எப்படி?

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால், தங்கச்சிமடம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் வீடுகளில் முதலில் தேடுவது டிவி ரிமோட்டைத்தான். ஆனால், இன்று நியூஸ் வரவே பல வீடுகளில் 3 ரிமோட் வேண்டும். டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பார் அல்லது ஹோம் தியேட்டருக்கு ஒன்று. பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் அப்பா அம்மா 'நோ சிக்னல்' திரையைப் பார்த்து டிவி ரிப்பேர் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ரிப்பேர் இல்லை. ஏதோ ஒரு பட்டன் அழுந்தி இன்புட் மாறியிருக்கும்.

இதற்கான தீர்வுதான் மேக்ரோ.

மேக்ரோ என்றால் என்ன?

ஒரு பட்டனை அழுத்தினால், ரிமோட் பல கட்டளைகளை வரிசையாக அனுப்புவதுதான் மேக்ரோ. உதாரணமாக:

1. டிவி ஆன்
2. 10 விநாடி காத்திருப்பு
3. எச்டிஎம்ஐ 1
4. சவுண்ட்பார் ஆன்

இதில் முக்கியமானது 2-வது வரி. ஸ்மார்ட் டிவி முழுசா ஆன் ஆவதற்குள் அடுத்த கட்டளை போனால், டிவி அதை வாங்கிக்கொள்ளாது. உங்கள் டிவி எத்தனை விநாடியில் ரெடி ஆகிறது என்று பார்த்து, அதைவிட 2 விநாடி கூடுதலாக வையுங்கள்.

ரிமோட் எப்படிப் பேசுகிறது?

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி மூலம். பல ரிமோட்களில் இந்த ஒளி விநாடிக்கு சுமார் 38,000 முறை துடிக்கும். அந்தத் துடிப்புகளின் வரிசைதான் கோட். கம்பெனிக்குக் கம்பெனி கோட் மாறும். ஒரு ரிமோட்டின் கோடை இன்னொரு ரிமோட் கேட்டுப் பதிந்துகொள்வதுதான் 'லேர்னிங்'. ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் 1987-லேயே 'கோர்' என்ற லேர்னிங் ரிமோட்டைக் கொண்டுவந்தார்.

காசு செலவில்லாமல் முதலில் இதைச் செய்யுங்கள்

புது ரிமோட் வாங்கும் முன், செட்டாப் பாக்ஸ் ரிமோட்டைப் பாருங்கள். பலவற்றில் டிவிக்கென்று தனியாக 4, 5 பட்டன்கள் கட்டம் போட்டு இருக்கும். அவை லேர்னிங் பட்டன்கள்.

* 'செட்' பட்டனை விளக்கு எரியும் வரை அழுத்திப் பிடியுங்கள்.
* இரண்டு ரிமோட்டையும் நேருக்கு நேர், சில சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள்.
* செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் கற்றுக்கொள்ள வேண்டிய பட்டனை அழுத்துங்கள். பிறகு டிவி ரிமோட்டில் அதே வேலை செய்யும் பட்டனை அழுத்துங்கள்.
* விளக்கு கண் சிமிட்டினால் பதிவாகிவிட்டது. மீண்டும் 'செட்' அழுத்தி முடியுங்கள்.

மாடலுக்கு மாடல் சின்ன வித்தியாசம் இருக்கும். இது மேக்ரோ இல்லைதான். ஆனால் பவர், வால்யூம், சோர்ஸ் எல்லாம் ஒரே ரிமோட்டுக்கு வந்துவிடும்.

டிவியையும் சவுண்ட்பாரையும் எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. டிவி செட்டிங்கில் சிஇசி வசதியை ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', எல்ஜியில் 'சிம்ப்லிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்' என்ற பெயரில் இருக்கும். டிவி ஆன் ஆனால் சவுண்ட்பாரும் கூடவே ஆன் ஆகும்.

வாங்குவதாக இருந்தால்?

கடையில் 'யுனிவர்சல்' என்று சொல்லும் எல்லா ரிமோட்டிலும் மேக்ரோ இருக்காது. கேட்டு வாங்குங்கள். இதில் பிரபலமாக இருந்த லாஜிடெக் ஹார்மனி ரிமோட்களின் தயாரிப்பு 2021-ல் நின்றுவிட்டது. வைஃபையில் இயங்கும் ஐஆர் பிளாஸ்டர்களில், ஆப் மூலம் 'சீன்' என்ற பெயரில் மேக்ரோ அமைக்கலாம். வெளியூரில் இருந்தபடியே பிள்ளைகளும் இயக்கலாம். ஆனால் இன்டர்நெட் போனால் இந்த வசதி கிடைக்காது. புயல் நேரத்தில் இதை மட்டும் நம்ப முடியாது.

கரண்ட் போனால் ஏன் சொதப்புகிறது?

ரிமோட் பேசும், ஆனால் கேட்காது. டிவி ஆனில் இருக்கிறதா, ஆஃபில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் ஒரே பவர் பட்டன்தான்.

கரண்ட் போய் வந்ததும் பல செட்டாப் பாக்ஸ்கள் தானாக ஆன் ஆகிவிடும். டிவி ஸ்டாண்ட்பையில் நிற்கும். அப்போது மேக்ரோவை அழுத்தினால் டிவி ஆன் ஆகும், செட்டாப் பாக்ஸ் ஆஃப் ஆகிவிடும்! கரண்ட் அடிக்கடி போகும் ஊர்களில் இதுதான் பெரிய தலைவலி.

* செட்டாப் பாக்ஸ் பவரை மேக்ரோவில் சேர்க்காதீர்கள்; அது ஆனிலேயே இருக்கட்டும்.
* 'சோர்ஸ்' பட்டனை 2 முறை அழுத்துவது போல வைக்காதீர்கள். நேராக 'எச்டிஎம்ஐ 1' கோட் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.
* பட்டனை அழுத்தியதும் ரிமோட்டைக் கீழே வைக்கக் கூடாது. எல்லாம் ஆன் ஆகும் வரை டிவியைப் பார்த்தே பிடிக்க வேண்டும். இதைப் பெரியவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உப்புக் காற்றும் ஒரு எதிரி

மண்டபத்தில் காரைக்குடி செக்ரி நிறுவனம் துரு ஆராய்ச்சி மையமே வைத்திருக்கிறது. உலோகத்தை அரிப்பதில் அந்தக் கடற்காற்று அப்படி. ரிமோட் வேலை செய்யாவிட்டால் பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள்; உலர்ந்த துணியால் சுரண்டித் துடையுங்கள். பிறகு மொபைலின் செல்ஃபி கேமராவை ஆன் செய்து, ரிமோட்டை அதை நோக்கிப் பிடித்து அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் முனையில் வெளிச்சம் தெரியும். தெரிந்தால் ரிமோட் நல்லா இருக்கு என்று அர்த்தம்.

கடைசியாக ஒரு டெஸ்ட்: எல்லாம் செட் பண்ணியதும் டிவி பிளக் பாயின்ட் ஸ்விட்சை அணைத்து மீண்டும் போடுங்கள். பிறகு நீங்கள் அழுத்தாமல், வீட்டில் இருக்கும் பெரியவர் கையில் ரிமோட்டைக் கொடுத்து அழுத்தச் சொல்லுங்கள். நியூஸ் வந்தால்தான் வேலை முடிந்தது.