கர்சன் வீட்டுப் பொன்வண்டு

லண்டன் செயின்ட் பேன்க்ராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் டெர்பி நகரம் வந்துவிடும். அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டர் டாக்சியில் போனால், ஆடுகள் மேயும் பரந்த புல்வெளிக்கு நடுவே ஒரு மாளிகை தெரியும். அதுதான் கெடில்ஸ்டன் ஹால். இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பழைய மாளிகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. இந்தியாவிலிருந்து சுற்றுலா போகிறவருக்கு அதில் ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், இதைப் பார்க்கலாம். 1905-ல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தாரே வைஸ்ராய் கர்சன் பிரபு, அவர் பிறந்த வீடு இது.

வீட்டைக் கட்டியவர் அவருடைய முன்னோர் நத்தானியல் கர்சன். 1760-களில், ராபர்ட் ஆடம் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரை வைத்துக் கட்டினார். ஜன்னல் வழியே பார்த்தால் பசுமை மட்டுமே தெரிய வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பணக்காரர்களின் ஆசை. குறுக்கே ஒரு கிராமம் இருந்தது. அதற்கென்ன, கிராமத்தையே தள்ளி வைத்துவிட்டார்கள்! தேவாலயம் மட்டும் தப்பித்து, இன்றும் மாளிகையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

உள்ளே நுழைந்ததும் 20 பெரிய தூண்கள் வரிசை கட்டும் மண்டபம். கொல்கத்தாவில் ஆளுநர் மாளிகையைப் பார்த்தவர்களுக்கு இந்த வீடு எங்கேயோ பார்த்தது போலத் தோன்றும். 1803-ல் வெல்லெஸ்லி பிரபு அந்த மாளிகையைக் கட்டி முடித்தபோது, மாதிரியாக வைத்துக்கொண்டது கெடில்ஸ்டனைத்தான். இங்கே நான்கு பக்கக் கட்டடங்களுக்குத் திட்டமிட்டு இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். கொல்கத்தாவில் நான்கையும் கட்டினார்கள். சொந்தக் காசில் கட்டுவதற்கும் ஊரார் காசில் கட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும். 1899-ல் வைஸ்ராயாகக் கொல்கத்தா வந்த கர்சன், தன் வீட்டின் நகலிலேயே குடியேறினார்.

கெடில்ஸ்டனின் கீழ்த்தளத்தில் அவர் ஆசியாவில் சேர்த்த பொருட்கள் ஒரு அருங்காட்சியகமாகவே இருக்கின்றன. தந்த வேலைப்பாடுகள், வெள்ளிச் சாமான்கள், ஆயுதங்கள். பரிசாக வந்தது எது, விலைக்கு வாங்கியது எது என்ற கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த வீட்டின் புகழ்பெற்ற பொருள் ஓர் உடை. 1903 தில்லி தர்பாரையொட்டி நடந்த விருந்து நடனத்தில் கர்சனின் மனைவி மேரி அணிந்தது. துணி முழுக்க மயிலிறகு வடிவம். இந்தியக் கைவினைஞர்கள் ஜரிகையால் ஒவ்வோர் இறகாக எடுத்த வேலை அது. அந்தத் துணி பாரிஸுக்குப் போய், வொர்த் என்ற பெரிய தையல் நிறுவனத்தில் கவுனாக மாறியது. எடை சுமார் 4.5 கிலோ! ஒவ்வொரு மயில் கண்ணிலும் பச்சையாக ஒன்று மின்னும். மரகதம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அருகில் போய்ப் பார்த்தால், பொன்வண்டின் இறக்கை ஓடு. நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டியில் இலை போட்டு வளர்ப்பார்களே, அந்த இனம்தான். 1899-1900 பஞ்சத்தின் வடு ஆறாத நாட்டில் நடந்த கொண்டாட்டம் அது என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்தப் பளபளப்பு வேறு மாதிரி தெரியும். மேரி 1906-ல், 36 வயதில் இறந்துபோனார். பக்கத்துத் தேவாலயத்தில் கணவன் மனைவி இருவரும் பளிங்குச் சிலைகளாகப் படுத்திருக்கிறார்கள்.

கர்சனை வெறும் வில்லனாக்கிவிட்டு வெளியே வர முடியாது என்பதுதான் சிக்கல். சிதைந்து கிடந்த இந்தியத் தொல்லியல் துறைக்கு உயிர் கொடுத்தவர் அவர். 1904-ல் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தவரும் அவரே. தாஜ்மகாலுக்குள் கல்லறைகளுக்கு மேலே தொங்கும் விளக்கு அவர் கொடுத்தது.

இந்தியாவில் பழகிய அந்த வேலையை ஊருக்குத் திரும்பிய பிறகும் அவர் விடவில்லை. லிங்கன்ஷரில் டாட்டர்ஷல் என்ற 15-ம் நூற்றாண்டுச் செங்கல் கோட்டை இருக்கிறது. அதன் சிற்ப வேலைப்பாடு மிகுந்த கணப்படுப்புகளை வியாபாரிகள் பெயர்த்தெடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பத் தயாரானார்கள். 1911-ல் கர்சன் கோட்டையை விலைக்கு வாங்கினார். கணப்படுப்புகளையும் தேடிப் பிடித்து மீட்டு, பழைய இடத்திலேயே பொருத்தினார். அதே 1911-ல்தான் அவர் போட்ட வங்காளப் பிரிவினை ரத்தானது. இந்தக் கோட்டை விவகாரம் கிளப்பிய பரபரப்பில், 1913-ல் இங்கிலாந்திலும் பழஞ்சின்னங்களைக் காக்க வலுவான சட்டம் வந்தது. சசெக்ஸில் அகழி நீருக்கு நடுவே நிற்கும் போடியம் கோட்டையையும் அவர் வாங்கிச் சீர்செய்தார். 1925-ல் இறக்கும்போது இரண்டையும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்தார்.

1895-ல் தொடங்கிய அறக்கட்டளை இது. கெடில்ஸ்டனும் 1987-ல் இதன் கைக்கு வந்தது. 2020-ல், தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வியாபாரத்தோடும் இருந்த தொடர்பை அறிக்கையாக வெளியிட்டது. 'தேநீர் குடிக்க வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு?' என்று உள்ளூரில் சிலருக்குக் கோபம். வரலாறு தெரியாமல் அந்த மயில் உடைக்கு முன்னால் நிற்பதில் என்ன இருக்கிறது?

போகிறவர்கள் கவனிக்க: குளிர்காலத்தில் பல மாளிகைகளின் உள்ளறைகள் மூடியிருக்கும், தோட்டம் மட்டுமே திறந்திருக்கும். மயில் உடை காட்சியில் இருக்கிறதா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய துணிகள் நிறம் மங்காமல் இருக்க, வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள். இருட்டுக்குக் கண் பழகும்வரை இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். அறைகளில் நிற்கும் வயதான தன்னார்வலர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பலகையில் எழுதாத கதைகள் கிடைக்கும். வெளியே வந்ததும் ஸ்கோன் என்ற பன்னும் தேநீரும். அதில் முதலில் ஜாம் தடவுவதா, க்ரீம் தடவுவதா என்பது அந்த ஊர்க்காரர்களின் தீராத சண்டை. அதில் மட்டும் தலையிடாதீர்கள்.