பஞ்சாலைப் பணமும் பாடலிபுத்திரமும்

புதைந்துபோன நகரைத் தோண்டியெடுக்க மண்வெட்டியும் கூடையும் மட்டும் போதுமா? போதா. நாள்தோறும் ஆட்களுக்குக் கூலி தரவேண்டும். கிடைத்தவற்றை அளந்து, படம் எழுதிக் காக்கவேண்டும். இதற்கெல்லாம் பணம் யார் தருவது?

மாயர் நகரங்களை ஆராய 1880-இல் மெக்சிகோ சென்ற பிரெஞ்சுக்காரர் சார்னேக்கு, லோரிலார்ட் என்ற அமெரிக்கப் புகையிலைச் செல்வர் பொருளுதவி செய்தார். நன்றி மறவாத சார்னே, 1882-இல் காட்டினுள் கண்ட நகருக்கு 'லோரிலார்ட் நகர்' என்றே பெயரிட்டார். அப்பெயர் நிலைக்கவில்லை. இன்று அது யாஷ்சிலான்.

நம் நாட்டிலும் இத்தகைய புரவலர் ஒருவர் இருந்தார். பஞ்சாலை அதிபர்கள் கல்லூரி கட்டியதைக் கோவை மாணவர்கள் அறிவர். பம்பாயில் பஞ்சாலையிலும் வணிகத்திலும் திரண்ட செல்வமோ, மண்ணுக்குள் மறைந்த மௌரியத் தலைநகரைத் தேடப் புறப்பட்டது! சர் இரத்தன் டாட்டா (1871–1918), ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் இளைய மகன். (2024-இல் மறைந்த இரத்தன் டாட்டா வேறொருவர்.) அகழாய்வுக்கென ஆண்டுக்கு 20,000 ரூபாய் தர அவர் முன்வந்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை. தொல்லியல் துறை பாடலிபுத்திரத்தைத் தேர்ந்தெடுத்தது.

பாட்னாவை அடுத்த கும்ரஹாரில் 1913-இல் ஸ்பூனர் என்பவர் வேலையைத் தொடங்கினார். பளபளவென மெருகேற்றிய மணற்கல் தூண் ஒன்று ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது. மற்றவை? சாம்பலும் கற்சில்லுகளும் நிறைந்த வட்டங்களே எஞ்சியிருந்தன. ஆனால் அவ்வட்டங்கள் சுமார் 15 அடிக்கு ஒன்றாக, வரிசை பிசகாமல் அமைந்திருந்தன. தூண் இல்லாவிட்டாலும் தூண் நின்ற இடம் தெரிந்துவிட்டது! இவ்வாறு 72 தூண்களை அவர் கணக்கிட்டார்.

இதுவரை சரி. அடுத்த படியில்தான் சறுக்கினார். பாரசீகத்துப் பெர்சிபோலிசின் நூறுதூண் மண்டபத்தை இது ஒத்திருக்கக் கண்டு, மௌரியரே பாரசீக வழியினர் என்று 1915-இல் எழுதிவிட்டார். அறிஞர் பலர் மறுத்தனர். பணம் தந்தவர் பார்சி. அவருடைய முன்னோர் பாரசீகத்திலிருந்து வந்தோர். எனவே, புரவலரை மகிழ்விக்கவே இப்படி எழுதினாரோ என்ற ஐயம் எழுவது இயல்பே. எனினும் கண்டது வேறு, கண்டதற்குக் கூறிய விளக்கம் வேறு. விளக்கம் வீழ்ந்தது, அளவுகள் நின்றன.

டாட்டாவின் உதவியில் நடந்த பணி 1917-இல் முடிந்தது. 1951 முதல் 1955 வரை அல்டேகர் முதலியோர் அங்கு மீண்டும் தோண்டினர். (நம் நொய்யற்கரைக் கொடுமணலில் 1985-இல் தொடங்கிய அகழாய்வைப்போல, இதுவும் தனிச் செல்வரை நம்பி நடந்ததன்று.) ஸ்பூனரின் வரிசைக் கணக்கு சரியாக இருந்தது. மேலும் எட்டுத் தூண்களின் இடம் தெரிந்தது; ஆக மொத்தம் 80.